புறாமலையில் ஓர் அழுங்காமை

அந்தமானிலும் மாலத்தீவிலும் கடலுக்குள் முகம் வைத்துக் கண்ட பவளப்பாறைகளையும் மீன்களையும் பற்றிப் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்கு நிலாவெளிதான் நினைவுக்கு வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் போனால் நிலாவெளி. அந்தக் கரைக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரண்டு பாறைத் தீவுகள். ஊரார் புறாமலை என்கிறார்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் குடியிருப்பதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். அத்தனை குண்டுகள் விழுந்த பாறையின் காலடியில் இவ்வளவு மெல்லிய உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் நெகிழ்கிறது.

நான் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு 17 வயது. திருமணமாகிக் கொழும்புக்கு வந்த பிறகும் கடல் எனக்குக் கரையிலிருந்து பார்ப்பதற்கு உரியதாகவே இருந்தது. சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் கணவரும் நானும் 11 வயது மகளுமாகத் திருகோணமலைக்குப் போனோம். முதல் நாள் கோணேசர் கோயில். மறுநாள் காலை புறாமலை. தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அவளைத் தனியே விட மனம் வராமல்தான் நானும் இறங்கினேன்.

எங்களை அழைத்துச் சென்ற படகோட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நிலாவெளியிலேயே பிறந்து, வலை வீசிப் பிழைத்து, இப்போது பயணிகளை ஏற்றிச் செல்கிறவர். “கிழக்குக் கடலுக்கு மாரி வேறு, கோடை வேறு, மகள். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தக் கடல் யாரையும் கிட்ட விடாது. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் குளம் மாதிரி இருக்கும்” என்றார். அன்று உண்மையாகவே குளம் மாதிரிதான் இருந்தது. படகின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கல்லின் நிழல்கூடத் தெரிந்தது.

தீவின் கரையில் கால் வைத்ததும் மணல் என்று நினைத்தது மணல் இல்லை என்று தெரிந்தது. விரல் நீளத்தில் வெள்ளை வெள்ளையாக உடைந்த துண்டுகள், மிதித்தால் கண்ணாடி வளையல் போலக் கிணுகிணுக்கின்றன. எல்லாம் முருகைக்கல். இந்தியாவில் பவளப்பாறை என்று எழுதுவதை நாங்கள் முருகைக்கல் என்போம். ஒரு காலத்தில் எங்கள் நாட்டில் இதைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள். மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். “அதை அங்கேயே போட்டுவிடு பிள்ளை. அதுவும் இந்தத் தீவின் உடம்புதான்” என்றார் படகோட்டி ஐயா. அவள் உடனே கீழே வைத்துவிட்டாள்.

நீருக்குள் பார்ப்பதற்கு வாடகைக்கு எடுத்த முகக் கண்ணாடி எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு முறை மூக்குவரை உப்புத் தண்ணீர் ஏறி, இருமி, வேண்டாம் என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயாதான் வாரை இறுக்கி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடச் சொல்லி, மீண்டும் அணியவைத்தார். முடி ஓரிழை இடையில் இருந்தாலும் தண்ணீர் கசியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. போகிறவர்கள் முடிந்தால் சொந்தமாக ஒரு கண்ணாடி வாங்கி, வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகிக்கொண்டு போங்கள். மிதவைச் சட்டை அணிய வெட்கப்படாதீர்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. களிம்புகள் சிலவற்றில் உள்ள வேதிப்பொருள் முருகைக்கு நஞ்சு.

முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குழாய் வழியே முதல் மூச்சை இழுத்தபோது என் மூச்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பயத்தில் அது வேகமாக இருந்தது. பிறகு மெல்ல அடங்கியது. அப்போது வேறொரு சத்தம் காதில் விழுந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கற்கண்டைக் கடிப்பது போல நறுக், நறுக் என்று. திரும்பிப் பார்த்தால், பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு முழ நீள மீன், பாறையில் வாய் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது. பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிளியின் அலகு போலவே இருந்தன. கல்லோடு சேர்த்துப் பாசியைக் கடித்து, தொண்டையில் அரைத்து, மிச்சத்தைப் பொடியாக வெளியே விட்டுக்கொண்டு போனது. எனக்கு நேர் கீழே அந்தப் பொடி புகை போல இறங்கியது. வெப்பக்கடல் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி மீனின் வயிற்றிலிருந்து வந்ததுதான் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்முன்னே மணல் பிறப்பதைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

தலையைத் தூக்கி ஐயாவிடம் கேட்டேன். “கிளிமீன்” என்றார். அன்று அதுதான் ஆரம்பம். மகள் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, அவர் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். மஞ்சள் சிறகில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு இணையிணையாகத் திரிந்தவை வண்ணாத்தி மீன். பாறைப் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது அஞ்சாலை; அது பார்க்கப் பயங்கரம், ஆனால் மூச்சுவிடத்தான் அப்படி வாயைத் திறக்கிறதாம். கன்னம் உப்பியது பேத்தை. மணலில் படுத்திருந்த கறுப்பு உருளை கடலட்டை. தட்டையான உடம்பும் சின்ன வாயுமாகத் தன் இடத்தைக் காத்துக்கொண்டு எங்களை முறைத்தது கிளாத்தி. கரையில் எங்கள் கையில் கொடுத்திருந்த படத் தாளில் இவை எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வாசித்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. ஐயா பெயர் சொன்ன பிறகு, அதே மீன் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை போல ஆகிவிட்டது. நீங்கள் எந்தக் கடலுக்குப் போனாலும் அந்தக் கரையில் வலை வீசிய ஒருவரோடு போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சுறாவைப் பற்றிக் கேட்பீர்கள். தீவின் பாறைப் பக்கம், காலை நேரத்தில், முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு உள்ள சுறாக்கள் வரும். மூன்று பார்த்தோம். முதலாவது எனக்கு முன்னே கடந்தபோது ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதாகத் தோன்றியது. கைகால் உறைந்துவிட்டது. ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் மிதந்தார். சுறா ஒரு வளைவு போட்டுத் திரும்பி, எங்கள் பக்கம் ஒரு பார்வை விட்டு, சின்ன மீன் கூட்டத்தை நோக்கிப் போய்விட்டது. நீருக்குள் கண்ணாடி வழியே பார்ப்பதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்வாசி நெருக்கமாகவும் தெரியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இந்த இனம் வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அளவுதான். சின்ன மீன்களைத் தின்று வாழ்வது. நாங்கள் கலவரப்படாமல் இருந்தால் அது தன் பாட்டில் போய்விடும் என்றார் ஐயா. இரண்டாவதும் மூன்றாவதும் கடந்தபோது நான் பயப்படவில்லை. அந்த உடம்பு வளைந்து போகும் அழகை என்னால் மறக்கவே முடியாது.

ஆமையைக் கண்டது தற்செயல். களைத்துப்போய்க் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு சும்மா மிதந்துகொண்டிருந்தேன். மகள் என் தோளைத் தொட்டாள். இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு பாறைச் சரிவில் மூக்கை நுழைத்து எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பருந்தின் மூக்குப் போல வளைந்த வாய். ஓட்டின் தகடுகள் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. தேன் நிறத்தில் கறுப்புக் கீற்றுகள். ஐயா தண்ணீருக்கு மேலே வந்து மெல்லச் சொன்னார்: “அழுங்காமை.”

அழுங்கு என்றால் எங்கள் மலையில் வேறொரு பிராணி. உடம்பெல்லாம் செதில் அடுக்கிய, தொட்டால் சுருண்டுகொள்ளும் எறும்புத்தின்னி. தோட்டத்தில் என் அப்பா ஒருமுறை இரவில் காட்டியிருக்கிறார். காட்டின் அழுங்கும் கடலின் அழுங்கும் ஒரே பெயரைச் சுமக்கின்றன என்று தெரிந்த அந்தக் கணம், தேயிலை மலையில் பிறந்த எனக்கும் இந்தக் கடலில் ஓர் உறவு இருப்பதாக உணர்ந்தேன். இரண்டின் செதிலுக்காகவும் ஓட்டுக்காகவும் மனிதர்கள் அவற்றை அழிவின் விளிம்புவரை வேட்டையாடியிருக்கிறார்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்து தொண்டையை அடைத்தது. இந்த ஆமையின் ஓட்டில் சீப்பும் பெட்டியும் செய்தார்கள்.

அது மூச்சுவிட மேலே வந்தது. எனக்கு இரண்டு கை தூரத்தில் தலையை நீட்டி, ஒரு முறை ஊதி, மறுபடி இறங்கியது. அதற்குள் வேறொரு படகில் வந்த குழுவினர் பார்த்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் கூச்சலிட்டுத் துரத்தினார்கள். ஒருவர் முழுகி அதன் ஓட்டைப் பிடிக்கக் கை நீட்டினார். இன்னொருவர் களைத்துப்போய் மான்கொம்பு போலக் கிளைத்திருந்த முருகையின் மேல் ஏறி நின்றார். அது முறிந்த சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. கல் போல இருந்தாலும் அது உயிர். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டும் வீடு. விரைவாக வளரும் வகைகூடப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாண் வளராது. உருண்டைப் பாறையாக வளரும் வகை ஒரு விரல் அகலம்கூட வளராது. ஒரு காலின் களைப்புக்கு எத்தனை வருடம் போனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயா அவர்களிடம் போய் சிங்களத்திலும் தெரிந்த ஆங்கிலத்திலும் சொன்னார். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. இறங்கி விலகிக்கொண்டார்கள். ஆமை அதற்குள் ஆழத்துக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஐயா ஓரிடத்தில் படகை நிறுத்திக் கீழே பார்க்கச் சொன்னார். ஒரு பெரிய பரப்பு முழுவதும் நிறமற்று வெளுத்துக் கிடந்தது. கடல் அளவுக்கு மேல் சூடானால் முருகை தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் அதோடு போய்விடுகிறது. சூடு தணிந்தால் சில பிழைக்கும். நீடித்தால் பட்டினியில் சாகும். “சுனாமி அடித்தபோதும் இது இப்படி வெளுக்கவில்லை” என்று மட்டும் சொல்லி இயந்திரத்தை முடுக்கினார். கரை சேரும்வரை யாரும் பேசவில்லை.

அன்று இரவு மகள் கொப்பியில் ஒவ்வொரு மீனையும் வரைந்து, கலர் பென்சிலால் நிறம் தீட்டி, ஐயா சொன்ன பெயரைக் கீழே எழுதினாள். கிளிமீனின் பச்சை சரியாக வரவில்லை என்று மூன்று முறை அழித்தாள்.

கொழும்புக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கப் போனோம். பனிக்கட்டியின் மேல் அடுக்கியிருந்த மீன்களுக்கு நடுவே சாம்பல் படிந்த ஒன்று கிடந்தது. நான் கவனிக்கவில்லை. மகள்தான் நின்றுவிட்டாள். குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். பற்கள் அலகு போலச் சேர்ந்திருந்தன. விற்பவர் அதைத் தூக்கித் தராசில் வைக்கப் போனார். “அது வேண்டாம் அண்ணா” என்றாள் அவள். “அது கிளிமீன்.” அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்பப் பனிக்கட்டியில் வைத்தார். நாங்கள் அரைக் கிலோ சூடை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.