ஓபி-வான் இறக்கும்போது லேயாவின் மெட்டு ஏன் ஒலிக்கிறது? ஸ்டார் வார்ஸ் படங்களின் தீம்கள் பற்றி ஒரு கேள்வி

மணல்மேடு (கேள்வி):

வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் என் அண்ணன் மகனுக்கு ஸ்டார் வார்ஸின் முதல் ஆறு படங்களையும் போட்டுக் காட்டினேன். படங்கள் வெளிவந்த வரிசையில் பார்க்காமல், கதை நடக்கும் வரிசையில் பார்த்தோம். அதனால் 1999-இல் வந்த படம் முதலாவதாகவும், 1977-இல் வந்த படம் நான்காவதாகவும் அமைந்தன. 2002-இல் வந்த படத்தின் இறுதியில் குளோன் படைகள் அணியணியாகக் கப்பலேறும்போது வில்லன் டார்த் வேடருக்கும் பேரரசுப் படைக்கும் உரிய 'இம்பீரியல் மார்ச்' முழங்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கோ அது ஒரு படைநடைப் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் 1977 படத்தின் தொடக்கத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் கதவைத் தகர்த்துக்கொண்டு நுழைந்தபோது, "சித்தப்பா, படை வந்துவிட்டது, அந்தப் பாட்டு எங்கே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அதே படத்தில் இன்னொன்றும் என்னை உறுத்தியது. முதியவர் ஓபி-வான் கெனோபி வாளை நிமிர்த்திப் பிடித்து, இளம் நாயகன் லூக்கைப் பார்த்துப் புன்னகைத்து, வேடரின் வெட்டுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார். மேலங்கி மட்டும் தரையில் விழுகிறது. அதற்கடுத்துப் பெருகி எழுவது இளவரசி லேயாவின் மெட்டு. அந்த மரணத்துக்கும் லேயாவுக்கும் என்ன தொடர்பு? இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் கவனக்குறைவாக இருந்துவிட்டாரா, அல்லது தீம் (ஒரு பாத்திரத்துக்கோ கருத்துக்கோ உரிய மெட்டு) என்பதையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

ஊதுகொம்பு (மறுமொழி):

உங்கள் அண்ணன் மகனின் கேள்விக்கு விடை எளியது. 1977-இல் அந்த மார்ச் எழுதப்படவே இல்லை. வில்லியம்ஸ் அதை 1980-இல் வந்த படத்துக்காகத்தான் அமைத்தார். முதல் படத்தில் பேரரசுக்கென்று வேறொரு சிறு இசைத்துணுக்கு உண்டு, ஆனால் அது யார் நினைவிலும் தங்கவில்லை. கதை வரிசையில் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைத் தவிர்க்க முடியாது.

லேயாவின் மெட்டைப் பற்றி வில்லியம்ஸே அந்நாளைய இசைத்தட்டுக் குறிப்பில் விளக்கம் தந்திருக்கிறார். பாத்திரத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணத்துக்கு வேண்டிய உணர்ச்சிப் பெருக்கு அந்த மெட்டில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டார். ஆகவே இது கவனக்குறைவு அன்று. கணக்கு இடித்தாலும் காது சொன்னதைக் கேட்டிருக்கிறார். ஓபி-வானின் தீம் என்று அப்போது அழைக்கப்பட்டது, இன்று 'ஃபோர்ஸ் தீம்' (கதையில் வரும் மாய ஆற்றலான 'ஃபோர்ஸி'ன் மெட்டு) என்று நாம் சொல்லும் மெட்டுதான். அதையே அங்கே வாசித்திருந்தால் 'இதோ அவர் இறந்தார்' என்று பெயர்ப்பலகை மாட்டியதைப் போல ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நான்காம்மணி (மறுமொழி):

நண்பர் ஊதுகொம்பு சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது முழு விடை ஆகாது. பாத்திரங்களுக்கும் கருத்துகளுக்கும் மெட்டு வைக்கும் இந்த உத்தியைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்த ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு இசைநாடகங்களிலும் (1876-இல் பைராய்ட்டில் அவை தொடராக முதன்முதலில் அரங்கேறின) இதே புதிர் இருக்கிறது. முதல் நாடகத்தில், தங்கத்தைக் கொண்டு மோதிரம் செய்யக் காதலைத் துறக்க வேண்டும் என்று நீர்மகள் பாடுகிறாள். இரண்டாம் நாடகத்தில், காதலின் உச்சத்தில் நிற்கும் சீக்முண்ட் மரத்தில் புதைந்த வாளை உருவப் போகும் தருணத்தில் அதே மெட்டைப் பாடுகிறான். காதலைத் துறக்கும் மெட்டு காதலன் வாயில் ஏன் வருகிறது என்று நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகிறார்கள். 'துறவு' என்ற பெயரை அந்த மெட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் சூட்டினார்கள், பிறகு அந்தப் பெயருக்கே கட்டுப்பட்டுத் திகைக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றும் விடை.

ஃபோர்ஸ் தீமையே பாருங்கள். 1977 படத்தில், இரட்டைச் சூரியன்கள் மறையும் வேளையில் லூக் மணல்மேட்டில் ஏறி நிற்கிறான். பிரெஞ்சு ஹார்ன் தனியாகத் தொடங்க, பின்னர் வயலின்கள் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் வேறு இசை எழுதியிருந்தார். 1997-இல் வெளிவந்த தொகுப்பில் அதைக் கேட்கலாம். கேட்டால், அதுவும் நல்ல இசைதான், ஆனால் ஏக்கம் இல்லை. இப்போதுள்ள வடிவில், ஒரு கிழவருக்கென்று வைத்த மெட்டு, படத்தில் அவரை இன்னும் சந்திக்காத இளைஞனின் ஏக்கமாக மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் எரிந்துபோன வீட்டின் முன் அதுவே துயரமாகிறது, படத்தின் இறுதியில் பதக்க விழாவுக்குக் கட்டியம் கூறுகிறது. 1983 படத்தில் வேடரின் சிதை எரியும்போது, அந்த மெட்டு யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. அதற்குள் அது இத்தனை இடங்களைத் தன்மேல் ஏற்றிக்கொண்டுவிட்டது.

சுருதிப்பெட்டி (மறுமொழி):

மெட்டு எங்கே வருகிறது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அது எந்த உருவில் வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 1980 படத்தில் குட்டி உருவம் கொண்ட குருவான யோடாவின் மெட்டு மென்மையான தாலாட்டுப் போல அறிமுகமாகிறது. (அது லிடியன் என்ற மேற்கத்திய சுரவரிசையின் சாயல் கொண்டது; கர்நாடக இசை பயின்றவர்கள் அதன் பிரதி மத்தியமத்தைக் கேட்டதும் கல்யாணியை நினைப்பார்கள்.) சதுப்பில் மூழ்கிய கப்பலை யோடா உயர்த்தும்போது அதே மெட்டு முழு இசைக்குழுவோடு விரிகிறது. சொற்களில் 'உருவத்தைப் பார்த்து எடைபோடாதே' என்று ஏற்கெனவே உபதேசித்தாயிற்று, ஆனால் அதை நம்மை நம்ப வைப்பது அந்த விரிவுதான்.

இன்னும் குறும்பான ஓர் எடுத்துக்காட்டு: 1999 படத்தின் முடிவில் வெற்றி ஊர்வலத்தில் குழந்தைக் குரல்கள் பாடும் உற்சாகப் பாட்டை வேகம் குறைத்து, சோகச் சாயல் கொண்ட மைனர் சுரவரிசைக்கு மாற்றி, தாழ்ந்த ஆண்குரல்களில் பாடிப் பாருங்கள். 1983 படத்தில் பேரரசருக்காக எழுதப்பட்ட மெட்டு வந்து நிற்கும். ஊர்வலத்தில் எல்லோரும் கொண்டாடுவது யாருடைய வெற்றியை என்று படம் சொல்லவில்லை, இசை சொல்லிவிடுகிறது.

கதை வரிசையில் பார்த்தால் எல்லாமே கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில் வேடராக மாறும் சிறுவன் அனகினின் தீம், இனிமையாகச் சென்று, முடியும் இடத்தில் இம்பீரியல் மார்ச்சின் சாயலில் இறங்குகிறது. வெளிவந்த வரிசையில் பார்த்த நமக்கு அது வரப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை. உங்கள் அண்ணன் மகனுக்கு அங்கே எதுவும் கேட்டிருக்காது, உண்மைதான். ஆனால் 1983 படத்தில் வேடர் இறக்கும்போது அந்த மார்ச் முரசும் பித்தளை வாத்தியங்களின் ஆரவாரமும் இன்றி, தனித்தனி வாத்தியங்களில் மெலிந்து, கடைசியில் ஹார்ப்பில் ஒவ்வொரு சுரமாக உதிர்கிறது. நமக்கு அது ஒரு கொடியவனின் முடிவு. உங்கள் அண்ணன் மகனுக்கோ தான் சிறுவனாகப் பார்த்த ஒருவனின் முடிவு. அது நமக்குக் கிடைக்காத அனுபவம்.

மணல்மேடு:

மூவருக்கும் நன்றி. லேயாவின் மெட்டையும், 1980 படத்தில் ஹான் சோலோவுக்கும் லேயாவுக்கும் உரிய காதல் மெட்டையும் கீபோர்டில் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சுரத் தாவலில் தொடங்குகின்றன. இத்தனை ஆண்டுகளாக நான் இதைக் கவனித்ததில்லை.

நேற்றிரவு வேடர் இறக்கும் காட்சியைப் பையனுக்கு மீண்டும் போட்டேன். ஹார்ப் தொடங்கியதும், "இது அந்தப் படைப் பாட்டுதானே, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்றான். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் அனகினின் தீமை எடுத்துப் போட்டேன். அது முடியும் இடத்துக்கு வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.