முதலிலேயே முடித்துவிடும் பிள்ளைக்கு வகுப்பில் என்ன வேலை?

தொடக்கப்பள்ளி ஆசிரியை

வேகமாக முடித்துவிடும் பிள்ளைக்கு நாம் வழக்கமாகத் தருவது, அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு. இல்லையென்றால் மற்றவர்கள் நோட்டைத் திருத்தும் வேலை. இரண்டுமே அந்தப் பிள்ளைக்குத் தண்டனைதான் என்பேன்.

2007இல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படியும் ஒவ்வொரு படிக்கான அட்டைகளும் இருந்தன. அவரவர் வேகத்தில் ஏறலாம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். கொரோனாவில் விட்டுப்போனதை ஈடுகட்ட அது அவசியம்தான். ஆனால் அரும்பில் இருப்பவர்களை மேலே கொண்டுவருவதிலேயே நேரம் போய்விட, மலரில் இருப்பவளைக் கவனிக்க ஆளில்லை.

என் மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு சிறுமி. கடன் வாங்கிக் கழித்தல் நடத்தும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி கொடுத்தேன்: ஏதாவது ஈரிலக்க எண் எழுது, திருப்பிப் போடு, பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 72, 27, விடை 45. 81, 18, விடை 63. மற்றவர்களுக்கு நல்ல கழித்தல் பயிற்சி. இவளோ சற்று நேரத்தில், "டீச்சர், எல்லாமே ஒன்பதாம் வாய்ப்பாட்டுல வருது" என்றாள். ஏன் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் குச்சிக் கட்டுகளோடு வந்தாள். ஒரு பத்துக் கட்டு ஒற்றைக் குச்சியாக மாறினால் ஒன்பது குறைகிறது, ஒற்றைக் குச்சி கட்டானால் ஒன்பது கூடுகிறது என்று அடுக்கிக் காட்டினாள். அரும்பு நிலையில் இருக்கும் பையன்கூட எட்டிப் பார்த்து, "அப்போ மூணு இலக்கத்துக்கு?" என்றான்! மூன்று இலக்கத்தில் விடையெல்லாம் 99இன் மடங்காக வரும்; இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அந்த 99ஐத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு அம்மா

படிக்கவே நிம்மதியாக இருக்கிறது, டீச்சர். என் மகன் கணக்கில் வேகம், தமிழ் வாசிக்கத் திணறுவான். ஒரு வகுப்பு தாண்டிப் போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். தமிழில் இன்னும் சிரமப்படுவான், கூட்டாளிகளையும் விட்டுப் பிரிவான் என்று மறுத்துவிட்டேன். பள்ளியில் பேசினோம். கணக்கு பீரியடுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடுதான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

சரியாகச் செய்தீர்கள் அம்மா. கணக்கில் கெட்டிக்காரன் என்பதாலேயே வாசிப்பில் அவனுக்கு வேண்டிய உதவி விட்டுப்போகக் கூடாது, அதையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தமிழ்ப் பாடத்தில் இப்படி எல்லோருக்கும் பொதுவான கேள்வி கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அங்கேதான் கேள்வி கிடைப்பதில்லை.