வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களை நேர்படுத்துறது) செஞ்சும் காடி இடப்பக்கம் இழுக்குது

கேள்வி: என் காடி பெரோடுவா மைவி. பெடரல் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டீரிங்கைத் தளர்த்தினா இடப்பக்கம் போகுது. வேற என்ன பார்க்கணும், அண்ணே?

பதில்: டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளங்க. முன்னாடி ரெண்டும் சமமா இருக்கணும். குறைஞ்ச பக்கம் இழுக்கும். அப்புறம் முன் டயர்களை இடம் வலமா மாத்தி ஓட்டுங்க. இழுப்பும் பக்கம் மாறினா கோளாறு டயர்லதான். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை மட்டும் அப்படி மாத்தாதீங்க.

பதில்: மழைத்தண்ணி வடிய நம்ம ரோடு இடப்பக்கம் சரிவு. லேசா ஒதுங்குறது இயல்பு.

பதில்: பிரேக்கையும் விடாதீங்க தம்பி. 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு ரிம் பக்கம் கையை நீட்டுங்க, தொடாதீங்க. இடது மட்டும் அனலா அடிச்சா, பெரும்பாலும் கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்) நகர்றதுக்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கும். துருவைத் துடைச்சு சிலிகான் கிரீஸ் தடவணும். அந்தப் பின்னோட ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா கட்டாயம் மாத்துங்க, தண்ணி அது வழியாத்தான் நுழையுது.