பத்மினி: சூட்டில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை

மன்னார்குடி:
1987 மாடல் பிரீமியர் பத்மினி, பெட்ரோல். காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் அணைத்து வைத்தால், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிப்பதில்லை. ஆறினால் ஓடுகிறது. பிளக், பேட்டரி புதுசு. கார்ப்பரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கும்பகோணம்:
வேண்டாம் தம்பி. சூட்டில் மட்டும் படுத்தால் பெரும்பாலும் பெட்ரோல் பம்பில் ஏர் லாக், அதாவது பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது. இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் தருகிற பக்கத்தில் கண்டென்சர் அல்லது காயில். ஆறின பிறகு பார்த்தால் எல்லாமே நல்லா இருக்கிற மாதிரி காட்டும். நின்ற இடத்திலேயே பாருங்க.

முதலில் கரண்ட். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடிங்க. நீலமாகச் சத்தத்தோடு அடித்தால் சரி. மஞ்சளாக மெலிந்தால் முதலில் கண்டென்சரை மாற்றுங்க.

அதற்குப் பிறகுதான் பெட்ரோல். வரிசை மாறினால் தீப்பிடிக்கும். சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு ஐந்து விநாடி சுற்றுங்க. விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நல்லது. நுரையும் குமிழியுமாக வந்தால் ஏர் லாக்.

மன்னார்குடி:
பார்த்தேன் அண்ணே. கரண்ட் நீலம்தான். பாட்டிலில் நுரை வந்து நின்றுபோச்சு. பம்பில் ஈரத்துணி சுற்றினேன், ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டது.

கும்பகோணம்:
அப்போ சந்தேகமே இல்லை. பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கு. ஓடும்போது புதுப் பெட்ரோல் வந்து அதைக் குளிர வைக்கும். அணைத்ததும் ஃபேனும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். பிளாக் சூடு முழுக்க பம்பில் ஏறி, உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளுகிற சவ்வு, அதாவது டயாபிரம், அந்த ஆவியை அமுக்குமே தவிரத் தள்ளாது. இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. பழைய ரப்பரையும் அது ஊற வைக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரை ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றுங்க. உறிஞ்சுகிற பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்று இழுக்கும். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே சூட்டைத் தடுக்கிற தடித்த பேக்லைட் துண்டு இருக்கா?

திருவாரூர்:
ரேடியேட்டரையும் பாருங்க. அறுவடை சமயத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல்லின் பதரும் வைக்கோல் தூசியும் ஜாலியில் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விடணும். வாட்டர் சர்வீஸ் கன் தகட்டை மடக்கிவிடும். உப்பு போர்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, உள்ளே பொருக்கு கட்டும்.

மன்னார்குடி:
பேக்லைட் இல்லை அண்ணே. வெறும் காகித பேக்கிங்தான் வைத்திருக்கிறார்கள்.

கும்பகோணம்:
கோளாறு அதுதான். சூடு நேராக ஏறுவதோடு, பம்ப் உள்ளே தள்ளி உட்கார்ந்து டயாபிரமும் அளவுக்கு மீறி இழுபடும். பழைய அளவுத் தடிமனிலேயே பேக்லைட் வாங்கி, இரண்டு பக்கமும் பேக்கிங் வைத்து மாட்டுங்க. வண்டியை எடுக்கும் முன் ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடித்தால் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும். டயாபிரம் கிட்டும் எஞ்சின் ஆயிலும் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதீங்க.