மிட்டாய் ரீத்: ஒட்டுவதா, கட்டுவதா?

எடிசன்வாசி:
வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்காக வாசலுக்கு வாசல் ரீத் என்கிற பச்சை இலை வளையம் தொங்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் முழுக்க மிட்டாயிலேயே செய்து மாட்டுவார். அதில் ரிப்பனில் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் தொங்கும், வருகிற பிள்ளைகள் ஆளுக்கொன்று வெட்டிக்கொள்ளலாம். இந்த வருஷம் அவர் மகள் வீட்டுக்கு ஃப்ளோரிடா போய்விட்டார். அதனால் நாம்தான் செய்யவேண்டும் என்று என் பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

ஒரு அடி அகலத்தில் ஃபோம் வளையம், சிவப்பு வெள்ளைச் சுழி போட்ட பெப்பர்மிண்ட் ஒரு பை, க்ளூ கன் எல்லாம் வாங்கியாயிற்று. ஒட்டினால் பிள்ளைகளால் வெட்டி எடுக்க முடியுமா? ஒரு பை போதுமா? சாக்லேட்டும் வேண்டுமாம், சேர்க்கலாமா?

கொலம்பஸ் அக்கா:
முதலில் அந்த க்ளூ கன்னைப் பெட்டிக்குள் வையுங்கள்மா. சும்மா பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஒட்டலாம். பிள்ளைகள் எடுத்துத் தின்ன வேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும். சூடான பசை பட்டால் கண்ணாடித்தாள் சுருங்கும், உள்ளே மிட்டாயும் இளகும். சூடு அதிகமான கன் என்றால் ஃபோமே குழிந்துவிடும். பிய்த்து எடுக்கும்போது உறை வளையத்தோடு நின்றுவிட, மிட்டாய் மட்டும் அம்மணமாகக் கையில் வரும். அதை யார் வாயில் போடுவது?

ஃபோமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிரை கிளீனிங் கடையில் துணியோடு தருவார்களே, மெல்லிய கம்பி ஹேங்கர், அது போதும். அடிக்கம்பியைப் பிடித்துக் கீழே இழுத்தால் சதுரமாக வரும். ஒரு பெரிய சட்டியைச் சுற்றி அழுத்தி வளைத்தால் வட்டம் ரெடி. கொக்கியை வெட்டவேண்டாம், மாட்டுவதற்கு ஆகும்.

பரிசுப் பொட்டலத்தில் கட்டும் சுருள் ரிப்பனைச் சாண் சாணாக வெட்டிக்கொள்ளுங்கள். மிட்டாய் உறையின் இரண்டு முறுக்கில் ஒன்றை மட்டும் கம்பியோடு சேர்த்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். மற்ற முறுக்கு விசிறி மாதிரி வெளியே நிற்கட்டும், அழகே அதில்தான் இருக்கிறது. நாலைந்து கட்டியதும் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளுங்கள். வட்டம் நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது இன்னொரு தடவை தள்ளிப் பாருங்கள், இன்னும் பத்துக்கு இடம் கிடைக்கும். கம்பி கண்ணில் படுகிறவரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஒரு பை போதாது. பவுண்டுக்கு ஏறக்குறைய 80, 90 மிட்டாய் வரும், இரண்டு பவுண்டாவது வாங்குங்கள்.

கடைசியில் தொங்கும் ரிப்பன் நுனிகளைக் கத்தரிக்கோல் அலகில் வைத்து இழுத்தால் சுருண்டுகொள்ளும். பெண்ணுக்குப் பிடித்த வேலை அதுவாகத்தான் இருக்கும், ஆனால் அலகை மட்டும் நீங்கள் பிடியுங்கள்.

தொங்கவிடும் கத்தரிக்கோல் நுனி மழுங்கியதாக இருக்கட்டும். அதன் ரிப்பன் வளையத்தின் உச்சிவரை எட்டவேண்டும். நீளம் குறைந்தால் எல்லாரும் அடியிலேயே வெட்டுவார்கள், இரண்டே நாளில் ரீத் பொக்கைவாயாகிவிடும்.

பூ கட்டத் தெரியுமா உங்களுக்கு? மல்லிகை கட்டுகிற மாதிரி இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நூலில் கட்டி, சரத்தை வளையத்தில் சுற்றலாம். பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒன்றை வெட்டினால் அந்த வரிசையே நெகிழும், ஆகவே அது பார்வைக்கு மட்டும். உங்கள் வாசலுக்குத் தனித்தனி முடிச்சுதான் சரி.

எடிசன்வாசி:
அக்கா, ரொம்ப நன்றி. முன்கதவுக்கு வெளியே கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் மழை, பனி படாதே என்று பார்த்தேன்.

மினியாபொலிஸ்:
கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? தெற்கு என்றால் யோசியுங்கள். வெளியே உறைபனியாக இருந்தாலும் வெயில் நேராக விழுந்தால் அந்த இடுக்கு அடுப்பாகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். சர்க்கரைப் பாகை 150 டிகிரிவரை காய்ச்சி இறக்கிய பெப்பர்மிண்டுக்கு அந்தச் சூடு பெரிய விஷயமில்லை, ஈரம்தான் ஆகாது. கண்ணாடிக் கதவே இல்லாமல் வெளியே மாட்டுகிறவர்களுக்கு அணில் தொல்லை வேறு.

சாக்லேட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெருவில் நாய் வளர்ப்பவர்கள் இருப்பார்கள். சாக்லேட் நாய்க்கு விஷம். சர்க்கரை இல்லாத மிட்டாய் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் என்ற பொருளைச் சேர்ப்பார்கள், அது அதைவிட மோசம். வாங்கும்போது உறையைப் படியுங்கள்.

நாகர்கோவில்காரன்:
உங்கள் ஊர் ஹீட்டர் காற்றில் மிட்டாய் வாரக்கணக்கில் மொறுமொறுவென்று நிற்கும், கொடுத்துவைத்தவர்கள். இங்கே டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுதாக விடைபெற்றிருக்காது. காற்றில் உள்ள ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், பிறகு எறும்பு. அதனால் நாங்கள் 24ஆம் தேதி சாயங்காலம்தான் ஸ்டாருக்குப் பக்கத்தில் மாட்டுவோம். நடு ராத்திரி ஆராதனை முடிந்து வருகிற பிள்ளைகள் விடிவதற்குள் காலி பண்ணிவிடுவார்கள்.

எங்கள் கடைகளில் இருபக்கமும் முறுக்கிய உறை குறைந்துவிட்டது, பெரும்பாலும் பை மாதிரி ஒட்டியதுதான் வருகிறது. அதில் முடிச்சு நிற்காது, நழுவும். ஓரத்து ரம்பப் பல் பகுதியில் ரிப்பனை வைத்து ஒரு ஸ்டேப்ளர் அடித்துவிடுவோம். ஸ்டேப்ளர் பின், உறையின் ஒட்டிய ஓரத்தைத் தாண்டி உள்ளே போகக்கூடாது, போனால் காற்றும் எறும்பும் கூடவே போகும். பின்னைப் பிடுங்கிவிட்டுத்தான் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் முறுக்கு உறையே கிடைக்கும்போது இந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு?

கொலம்பஸ் அக்கா:
ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கட்டாமல் ஒரு பை மிட்டாயும் வெட்டிய ரிப்பனும் கதவோரமாக ஒரு டப்பாவில் இருக்கட்டும். பிள்ளைகள் வெட்ட வெட்ட இரவில் நாலு கட்டி நிரப்பிவிடலாம்.

எடிசன்வாசி:
கதவு வடக்கு பார்த்ததுதான், தப்பித்தேன். ஃபோம் வளையத்தை நாளைக்கே திருப்பிக் கொடுக்கிறேன். சாக்லேட் கிடையாது என்று அவளிடம் சொல்லியாயிற்று, மினியாபொலிஸ் மாமாவோடு டூவாம்.