அமேடியஸ் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

ஜார்ஜ்டவுன் டீச்சர்:
வணக்கம். வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் மூன்று, நான்கு படிக்கும் என் மாணவர்களுக்கு மொஸார்ட் என்றால் பரீட்சைக்கு வாசிக்கிற பாடம், அவ்வளவுதான். பள்ளி விடுமுறையில் அவரைப் பற்றிய 'அமேடியஸ்' படத்தைக் காட்ட ஆசை. இரண்டு பதிப்பு இருக்கிறதாமே, எதைப் போடுவது? அவர் காலத்து இசையமைப்பாளர் சாலியேரி அவருக்கு விஷம் வைத்தது உண்மையா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், என்ன சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்:
டீச்சர், 1984இல் தியேட்டருக்கு வந்த 160 நிமிடப் பதிப்பையே போடுங்கள். 2002இல் வந்த இயக்குநர் பதிப்பு மூன்று மணி நேரம், அதில் மொஸார்ட்டின் மனைவி சாலியேரி வீட்டில் உடையைக் களையும் காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. பழையதிலும் கொச்சைப் பேச்சு உண்டு. முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் அண்ணன்:
விஷம் வெறும் வதந்தி. சாலியேரி உயிரோடு இருக்கும்போதே கிளம்பியது, 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை நாடகமாக்கினார், படத்துக்கு மூலம் 1979இல் பீட்டர் ஷாஃபர் எழுதிய நாடகம். நடந்தது வேறு. மொஸார்ட் இறந்த 1791ஆம் வருடம் அக்டோபரில்கூட, தன் 'மாயப் புல்லாங்குழல்' ஆப்பராவை (இசை நாடகத்தை) பார்த்துவிட்டு சாலியேரி வாய் ஓயாமல் பாராட்டினார் என்று மொஸார்ட்டே மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பிறகு மொஸார்ட்டின் இளைய மகனே சாலியேரியிடம் படித்தான். விஷம் வைத்தவனிடமா பெற்ற பிள்ளையைப் பாட்டுப் படிக்க அனுப்புவார்கள்? பீத்தோவன், ஷூபர்ட் எல்லாரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். படத்தில் பிரம்மச்சாரி, நிஜத்தில் எட்டுப் பிள்ளைகளின் அப்பா!

செந்தூல் வீணை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதற்காகப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள் டீச்சர். சாலியேரி முதன்முதலாக மொஸார்ட்டின் இசைத்தாளைப் பார்க்கும் இடம் ஒன்று போதும். கீழே பசூன், பாசெட் ஹார்ன் என்ற ஊதுகருவிகள் சாதாரணமாகத் துடித்துக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஓபோ என்ற இன்னொரு ஊதுகருவி ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து அசையாமல் நிற்கும், அது நிற்கும்போதே கிளாரினெட் வந்து வாங்கிக்கொள்ளும், அதைக் கேட்டு அந்த மனுஷன் முகம் கரைந்துபோகும். அந்த அரண்மனையில் அத்தனை பேர் இருந்தும் மொஸார்ட்டை முழுதாகக் காதில் வாங்கியவர் அவரை அழிக்க நினைத்தவர்தான். எனக்கு அதுதான் படம். மரணப்படுக்கையில் மொஸார்ட் ரெக்வியத்தை, அதாவது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையை, சொல்லச் சொல்ல சாலியேரி எழுதுவது கற்பனை, நிஜத்தில் மொஸார்ட் இறந்த பிறகு அதை எழுதி முடித்தவர் ஸூஸ்மாயர் என்ற இசையமைப்பாளர். இருந்தாலும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். முதலில் குரல்கள், பிறகு டிராம்போன், டிரம்பெட், கடைசியில் வயலின்கள் என்று ஒவ்வொன்றாகத் தனியே கேட்டுவிட்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது, ஆர்கெஸ்ட்ராவுக்கு எப்படி எழுதுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே பிடிபடும்.