மினி ஐ.டி.எக்ஸ் கணினி: பழைய பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600ஜி இயங்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மானிட்டருக்குப் பின்னால் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய கணினி ஒன்றை நானே பூட்ட விரும்புகிறேன். திரை உடைந்த மடிக்கணினி ஒன்று வீட்டில் இருப்பதால், அதன் உதிரிகளில் பயன்படக்கூடியவற்றை இதில் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இன்னும் பெட்டி பிரிக்காத ரைசன் 5 5600ஜி செயலி என்னிடம் இருக்கிறது. மினி ஐ.டி.எக்ஸ் எனும் சிறிய அளவு மதர்போர்டுப் பலகைக்கான கேபினட் ஒன்றையும் வாங்கிவிட்டேன். கூலரின் உயரம் 48 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று அதன் விவரத்தாளில் இருக்கிறது. கேபினட்டுடன் 120 வாட் அடாப்டரும், அதிலிருந்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிறு டி.சி. பலகையும் வந்தன. செயலிக்குப் போகும் மின் இணைப்பு அதில் 4 முள் கொண்டது. மடிக்கணினியிலிருந்து 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் இரண்டு, 512 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்று, இன்டெல் ஏ.எக்ஸ்.201 வைஃபை அட்டை ஒன்று ஆகியவற்றைக் கழற்றி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மதர்போர்டு மட்டுமே பாக்கி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பயன்படுத்திய பி450 மினி ஐ.டி.எக்ஸ் பலகை ஒன்று விலைக்கு இருக்கிறது. "ஏ.எம்.4 சாக்கெட்தானே, போட்டால் ஓடும்" என்கிறார் கடைக்காரர். சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதுமா? பணம் கொடுப்பதற்கு முன் நான் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1

சாக்கெட் பொருந்தினால் செயலி அதில் உட்காரும், அவ்வளவுதான். அந்தச் செயலியை அடையாளம் கண்டு இயக்குவது பலகையின் பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள். ஏ.எம்.4 சாக்கெட் 2016ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; பி450 சிப்செட் (பலகையின் இணைப்புகளைக் கவனிக்கும் சில்லு) 2018இல் வந்தது; உங்கள் 5600ஜி கடைகளுக்கு வந்ததோ 2021 ஆகஸ்டில். ஆகவே அந்தப் பலகை தொழிற்சாலையிலிருந்து வந்த பயாஸுடனேயே இன்றும் இருக்குமானால், 5600ஜி என்ற ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. விசிறி சுழலும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது.

பி450க்கு ரைசன் 5000 வரிசை கிடைத்ததே ஒரு இழுபறிக்குப் பிறகுதான். 2020 மே மாதத் தொடக்கத்தில், புதிய வரிசைக்கு எக்ஸ்570, பி550 ஆகிய சிப்செட்டுகள் மட்டுமே என்று ஏ.எம்.டி. அறிவித்தது. பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததும், அதே மாதத்திலேயே பி450, எக்ஸ்470 பலகைகளுக்கும் பயாஸ் தரப்படும் என்று மாற்றிக்கொண்டது. எனவே உங்கள் இணைப்பு சாத்தியமானதுதான், ஆனால் பயாஸ் புதியதாக இருந்தால் மட்டுமே.

பலகையின் மீது அச்சிட்டிருக்கும் முழுப் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் பலகைக்கான செயலிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு செயலிக்கும் நேரே, அது இயங்கத் தேவையான குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு எழுதப்பட்டிருக்கும். அதன்பின் கடைக்காரரிடம் பலகையை இயக்கி, டெலீட் விசையை (சில பலகைகளில் எஃப்2) அழுத்தி, பயாஸ் திரையில் தெரியும் பதிப்பையும் தேதியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலைத் தேடும் முன்பே ஒரு குறிப்பு கிடைத்துவிடும்: தேதி 2021க்கு முந்தையது என்றால் 5600ஜி இயங்காது.

மறுமொழி 2

பயாஸ் பற்றி மேலே சொன்னது சரியே. எனக்கு அதைவிடக் கவலை தருவது உங்கள் மடிக்கணினி உதிரிகள்தான்.

முதலில் ரேம். மடிக்கணினியில் இருப்பது 260 முள் கொண்ட சோ-டிம். பி450 மினி ஐ.டி.எக்ஸ் பலகைகளில் பொதுவாக இருப்பது 288 முள் கொண்ட முழு அளவு டிம் இடம். இரண்டும் டி.டி.ஆர்.4 என்பதனால் பொருந்திவிடாது, நீளமே வேறு. இதற்கு அடாப்டர் தேடி அலைவதைவிடப் புதிய ரேம் வாங்குவதே மேல். மினி ஐ.டி.எக்ஸில் ரேம் இடம் இரண்டுதான் என்பதால், இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்று தள்ளிப்போடாமல் ஒரே ஜோடியாக வாங்குங்கள். 5600ஜியின் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பகிர்ந்துகொள்வதால், ஒற்றை ரேமில் அதன் வேகம் கண்கூடாகக் குறையும். இந்தச் செயலிக்கு அதிகாரபூர்வமான உச்சம் டி.டி.ஆர்.4-3200.

வைஃபை அட்டை இன்னும் மோசமான பொறி, ஏனென்றால் அது பலகையில் ஒழுங்காகவே பொருந்தி உட்காரும். ஏ.எக்ஸ்.201 சி.என்.வி.ஐ. முறையில் இயங்குவது, வைஃபையின் ஒரு பகுதி வேலையை இன்டெல் தளமே செய்யும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. ஏ.எம்.டி. பலகையில் அது வேலை செய்யாது. ஏ.எக்ஸ்.200 அல்லது ஏ.எக்ஸ்.210 என்றால் அவை எல்லாப் பலகைகளுக்கும் பொதுவான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பு வழியாகப் பேசுவதால் இயங்கும். ஆனால் இத்தகைய பலகைகள் பலவற்றில் வைஃபை அட்டை ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். பழையதை விற்கும்போது அதைக் கழற்றி எடுத்துவிட்டார்களா என்பதையும், பின்புற ஆன்டெனா இணைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி. பயன்படும். அதன் மீது 2280 என்றிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். 2242 அல்லது 2230 என்றிருந்தால் அந்த நீளத்தில் திருகு போடும் துளை பலகையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூலர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 5600ஜி பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54 மி.மீ.; உங்கள் கேபினட் அனுமதிப்பது 48. மூடி மூடாது. நாக்டுவாவின் என்.எச்-எல்9ஏ-ஏ.எம்.4 விசிறியோடு சேர்த்து 37 மி.மீ. மட்டுமே. கூலர் உயரம் செயலியின் மேற்பரப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது, பலகையின் மட்டத்திலிருந்து அல்ல. அளவுகோலை வைத்து நீங்களே அளப்பதானால் இதை நினைவில் வையுங்கள். பழைய பலகையில் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய உலோகத் தகடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நாக்டுவாவின் அந்தக் கூலர் தனக்கான தகட்டுடன் வருகிறது. வேறு கூலர் வாங்கினால் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3

பழைய பி450யோடு எதற்காக மல்லுக்கட்ட வேண்டும்? கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து பி550 வாங்கிவிட்டால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 கிடைக்கும், எந்த ஏ.எம்.4 செயலியையும் போடலாம்.

மறுமொழி 1

இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 5600ஜி தருவது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே; அதை பி550இல் போட்டாலும் எஸ்.எஸ்.டி. செருகும் முதன்மை எம்.2 இடமும் கிராபிக்ஸ் அட்டை இடமும் 3.0 வேகத்தில்தான் ஓடும். 4.0 வேண்டுமென்றால் ரைசன் 5 5600 போன்ற, உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத செயலிக்குப் போக வேண்டும்; அப்போது தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் திரையே வராது, 120 வாட் அடாப்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்த ஏ.எம்.4 செயலியையும் போடலாம் என்பதும் சரியன்று. ரைசன் 2000 வரிசைச் செயலிகளுக்கு பி550இல் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. பி550யின் உண்மையான நன்மை வேறு: பலகையே புதியது, சிப்செட் வழியாக வரும் இரண்டாவது எம்.2 இடமும் பி450யில் கிடைப்பதைவிட வேகமானது. விலை வேறுபாடு சிறிதென்றால் நானும் அதையே வாங்குவேன். ஆனால் அங்கும் செயலிப் பட்டியலைப் பார்க்கத்தான் வேண்டும்; 2020இல் தயாரான பி550 பலகைக்கும் 5600ஜியைத் தெரிந்திருக்காது.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. புதிய பி550 மினி ஐ.டி.எக்ஸ் பலகை என் செலவுக் கணக்குக்குள் வரவில்லை. கடைக்காரர் படம் அனுப்பியிருக்கிறார்: பயாஸ் தேதி 2019. இப்போது அதில் ரைசன் 3 2200ஜி இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் தருவதாகச் சொல்கிறார். 4 முள் மின் இணைப்பு குறித்து யாரும் சொல்லவில்லையே. பலகையில் 8 முள் துளை இருக்கிறது.

மறுமொழி 1

அந்த 2200ஜியைக் கழற்ற விடாதீர்கள்! இப்போதைக்குப் பலகையை உயிரோடு வைத்திருப்பது அதுதான். அது இருக்கும்போதே கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள், அதன் பிறகு கழற்றட்டும். செயலியே இல்லாமல் யு.எஸ்.பி. வழியாக பயாஸ் ஏற்றும் பொத்தான் சில பலகைகளில் உண்டு; உங்கள் பலகையின் பின்புறத்தில் அது இருந்தால் இந்தக் கவலை இல்லை.

பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பின் கீழும் எழுதியிருக்கும் குறிப்பைப் படிக்காமல் நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ வேண்டாம். 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நேராகத் தாவ முடியாது, நடுவில் குறிப்பிட்ட ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே அடுத்ததை ஏற்ற வேண்டும் என்று சில பலகைகளுக்கு நிபந்தனை இருக்கிறது. பல பலகைகளின் பயாஸ் சிப் 16 எம்.பி. கொள்ளளவே கொண்டது என்பதால், புதிய செயலிகளுக்கு இடம் ஒதுக்க மிகப் பழைய ஏ வரிசைச் செயலிகளின் ஆதரவை நீக்கியதும் உண்டு. அது உங்களைப் பாதிக்காது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போகாமல் இருக்க யு.பி.எஸ். இணைப்பில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

4 முள் இணைப்பை 8 முள் துளையின் ஒரு பாதியில் செருகலாம். இணைப்பின் வடிவம் தவறான பாதியில் செருக விடாது, எனவே அழுத்தித் திணிக்க வேண்டாம். 5600ஜி 65 வாட் செயலி என்று எழுதியிருந்தாலும், முழுச் சுமையில் சாக்கெட் வழியாக 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. 4 முள் இணைப்பின் இரண்டு 12 வோல்ட் கம்பிகள் அதைத் தாங்கும். சிக்கல் அடாப்டரின் பக்கம்தான்: செயலி 88 எடுத்த பிறகு பலகை, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறி, யு.எஸ்.பி. சாதனங்கள் அனைத்துக்கும் மிஞ்சுவது 32 வாட், அதிலும் டி.சி. பலகையில் சிறிது வெப்பமாக வீணாகும். 5600ஜியை 45 வாட் அளவுக்குக் குறைத்து இயக்க ஏ.எம்.டி.யே இடம் கொடுக்கிறது. பயாஸில் அந்த அமைப்பு இருந்தால் அதை வைத்துவிடுங்கள். அலுவலக வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் வேறுபாடு தெரியாது, 37 மி.மீ. கூலரும் சத்தமில்லாமல் ஓடும்.

மறுமொழி 4

இருவரும் விட்டுவிட்ட சில. 4கே மானிட்டர் வைத்திருந்தால் பலகையின் எச்.டி.எம்.ஐ. எந்தப் பதிப்பு என்று பாருங்கள், 1.4 என்றால் 4கே தெளிவில் விநாடிக்கு 30 சட்டகங்களுக்கு மேல் வராது, அம்புக்குறி நகர்வதே இழுத்து இழுத்துத் தெரியும். கேபினட்டின் முன்பக்கத்தில் டைப்-சி துளை இருந்தால், அதற்கான இணைப்பு பலகையில் இல்லாமல் போக வாய்ப்பு மிக அதிகம். பலகையின் பின்புற இணைப்புத் துளைகளைச் சுற்றிக் கேபினட்டில் பொருத்தும் பின்புறத் தகட்டையும் கடையில் கேட்டு வாங்குங்கள். அந்தந்தப் பலகைக்கு என்றே வெட்டப்பட்டது, தனியாகக் கிடைப்பது அரிது.

இன்னொன்று, மதர்போர்டைச் சார்ந்ததல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். மடிக்கணினியின் எஸ்.எஸ்.டி. விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், புதிய பலகையில் போட்டதும் மீட்புச் சாவி கேட்கும். மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. வழியாக வெளித்திரையில் இணைத்து, கழற்றுவதற்கு முன்பே அந்தப் பூட்டை நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

கடைக்காரர் முதலில் தயங்கினாலும், 2200ஜி இருக்கும்போதே இடைப்பட்ட பதிப்பையும் பிறகு செயலிப் பட்டியலில் 5600ஜிக்கு நேரே இருந்ததைவிடப் புதிய பதிப்பையும் என் முன்னிலையில் ஏற்றித் தந்தார். பின்புறத் தகடும் வைஃபை அட்டையும் இருந்தன. சாக்கெட்டின் பின் தகடு இல்லை, எனவே நாக்டுவா கூலரையே வாங்கிவிட்டேன். எச்.டி.எம்.ஐ. 2.0. முன்பக்க டைப்-சிக்கு இணைப்பு இல்லை, அதை விட்டுவிடுகிறேன். செயலியை மாற்றியதும் திரையில் எஃப்.டி.பி.எம். குறித்து ஒய் அல்லது என் அழுத்தச் சொல்லி ஓர் எச்சரிக்கை வந்து நிற்கிறது. எதை அழுத்துவது?

மறுமொழி 1

வேறு செயலி வந்திருப்பதைப் பலகை கண்டுகொண்டது என்பதே அதன் பொருள். உங்கள் 5600ஜி உயிரோடு இருக்கிறது. எஃப்.டி.பி.எம். என்பது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. பழைய செயலியில் பதிந்திருந்த சாவிகள் உங்களுக்குத் தேவையில்லாதவை, எஸ்.எஸ்.டி.யின் பூட்டையும் நீக்கியிருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் ஒய் அழுத்துங்கள். பயாஸுக்குள் நுழைந்ததும் ரேம் வேகம் 3200 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 2400 அல்லது 2666 என்றிருந்தால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்க வேண்டியிருக்கும். கேபினட்டுக்குள் பூட்டுவதற்கு முன், பலகையை அதன் அட்டைப்பெட்டியின் மீது வைத்தே சிறிது நேரம் ஓடவிட்டுச் செயலியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூலரின் திருகுகள் பலகையின் பின்புறத்திலிருந்து போடுபவை என்பதால், கேபினட்டுக்குள் போன பிறகு அவற்றை இறுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுக்க நேரும்.